உஷார்! கடைசி ஐந்து வார்த்தையைப் படித்தீர்களா?

ஒரு நிமிஷம். அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள்.

ஒரகடத்திலோ, இருங்காட்டுக்கோட்டையிலோ, சுங்குவார்சத்திரத்திலோ வேலை கிடைத்திருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். ஹெச்.ஆர் மேஜையில் ஆறு பக்க ஆங்கிலக் காகிதத்தை நீட்டி, "எல்லாப் பக்கத்துலயும் சைன் பண்ணுப்பா, வெளிய இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்க" என்கிறார்களா? உங்கள் மூன்று வருஷ வாழ்க்கை முடிவாகிற இடம் அதுதான். அவசரப்படாதீர்கள்.

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, டிப்ளமோ முழுக்க இங்கிலீஷ்லதானே படிச்சேன்" என்று நினைப்பீர்கள். என் பயமே அங்கேதான். ஆங்கிலம் அறவே தெரியாதவர் நாலு பேரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பாதி தெரிந்தவர்தான் யாரையும் கேட்க மாட்டார். வார்த்தை தெரிவது வேறு. வாக்கியம் தெரிவது வேறு. இந்த வித்தியாசத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 2024-ல் ஒரு தம்பி என்னிடம் கொண்டு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

ஒரு தம்பிக்கு நடந்தது

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன். மெக்கானிக்கல் டிப்ளமோ. 2022 ஜூன் மாதம், உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தான். கடிதத்தில் பாண்டுக் காலம் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'தி ட்ரெய்னி ஷேல் சர்வ் தி கம்பெனி ஃபார் அ மினிமம் பீரியட் ஆஃப் டூ இயர்ஸ் ஃப்ரம் தி டேட் ஆஃப் கன்ஃபர்மேஷன்.'

அதை போனில் படம் எடுத்து, பி.காம் படித்த மாமா பையனுக்கு அனுப்பினான். "ரெண்டு வருஷம் பாண்டுடா, அவ்ளோதான்" என்று பதில் வந்தது. போட்டுவிட்டான் கையெழுத்து.

ரெண்டு வருஷம் ஒழுங்காக ஓட்டினான். நைட் ஷிஃப்ட், ஓ.டி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. 2024 ஜூலையில் வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் மாசம் ஆறாயிரம் கூடுதலாக வேலை கிடைத்தது. 'என் ரெண்டு வருஷம் முடிஞ்சுது' என்று நிம்மதியாக ராஜினாமாவை நீட்டினான்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கேப்பா. இல்லேன்னா ஒரு லட்சம் கட்டிட்டுப் போ."

பையனுக்குத் தலை சுற்றிவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அந்த வரியில் 'டூ இயர்ஸ்' என்ற இடத்தில் அவனே பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தான். வட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. வாக்கியம் அங்கே முடியவில்லை. 'ஃப்ரம் தி டேட் ஆஃப் கன்ஃபர்மேஷன்' என்ற ஐந்து வார்த்தை அதற்குப் பிறகு வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்த தேதியிலிருந்து ரெண்டு வருஷம் என்று அதில் எங்கேயும் இல்லை. கன்ஃபர்மேஷன் தேதியிலிருந்து ரெண்டு வருஷம் என்றுதான் இருந்தது. ட்ரெய்னிங் ஒரு வருஷம் முடிந்து, 2023 ஜூலையில்தான் அவனுக்குக் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பாண்டுக் கணக்கே ஆரம்பம்.

"வேலை கன்ஃபார்ம் ஆன தேதின்னா சேர்ந்த தேதிதானே மேடம்?" என்று கேட்டான். பாவம். ஊரில் நாம் "வேலை கன்ஃபார்ம் ஆயிடுச்சு" என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனிக் காகிதத்தில் அதே வார்த்தைக்கு, ட்ரெய்னிங்கோ புரொபேஷனோ முடிந்து உன்னை நிலையாக எடுத்துக்கொண்ட தேதி என்று அர்த்தம். வார்த்தை ஒன்றுதான். இடையில் ஒரு வருஷம் ஓடுகிறது.

கையில் ஒரு லட்சம் கிடையாது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புதுக் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சம்பளத்திலேயே இன்னொரு வருஷம் இருந்தான். மாசம் ஆறாயிரம் வீதம் பன்னிரண்டு மாசம். ஐந்து வார்த்தைக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபாய்!

"பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது, சும்மா மிரட்டுவாங்க" என்று ரூமில் யாராவது சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில், மூன்று வருஷம் வேலை பார்க்காவிட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எல்லா பாண்டும் அப்படியே நிற்கும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, கேட்கிற தொகை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அதைக் கேட்க நீதிமன்றம் வரை போக வேண்டும். ஷிஃப்டை விட்டுவிட்டு அலைய உங்களால் முடியுமா?

ஏன் நம் பிள்ளைகள் இப்படி ஏமாறுகிறார்கள்?

படிப்புக் குறைவு காரணம் இல்லை. தமிழ் வாக்கியம் ஒரு விதமாக நடக்கிறது. ஆங்கில வாக்கியம் நேர்மாறாக நடக்கிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

தமிழில் நிபந்தனை முன்னால் வரும், செயல் கடைசியில் வரும். "மழை விட்ட பிறகு கிளம்பு" என்போம். 'கிளம்பு' என்று காதில் விழுவதற்கு முன்பே 'மழை விட்ட பிறகு' விழுந்துவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'கிளம்பு' முதலில் வந்துவிடும். எப்போது, எதற்குப் பிறகு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் பின்னால் வால் வாலாக வரும். இந்த வால்களைத்தான் ஆங்கில இலக்கணத்தில் ஃப்ரேஸ் என்றும் கிளாஸ் என்றும் சொல்கிறார்கள். தனக்கென்று ஒரு வினை இல்லாத சொற்கூட்டம் ஃப்ரேஸ். எழுவாயும் வினையும் உள்ளே இருந்தால் அது கிளாஸ். 'ஆஃப்டர் தி ஷிஃப்ட்' ஃப்ரேஸ். 'ஆஃப்டர் தி ஷிஃப்ட் எண்ட்ஸ்' கிளாஸ். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியிருப்போம். சம்பளத்தோடு அதற்கு உறவு உண்டு என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா?

நமக்கு முக்கியமான செய்தி முதலில் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். பின்னால் வருவதைக் கண் தாவிவிடும். ஆங்கிலக் காகிதத்தில் ஆபத்து வாலில்தான் இருக்கிறது!

இன்னொன்று. தமிழில் வேற்றுமை உருபு வார்த்தையோடு ஒட்டிக்கொள்ளும். குழப்பம் வராது. ஆங்கிலத்தில் 'வித்', 'ஃப்ரம்', 'ஆன்' போன்ற குட்டி வார்த்தைகள் தனியாக நிற்கும். அவை எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'ஸ்டாப் தி மெஷின் வித் தி ரெட் பட்டன்' என்று எழுதியிருக்கிறது. சிவப்பு பட்டனால் மெஷினை நிறுத்தச் சொல்கிறார்களா? சிவப்பு பட்டன் உள்ள மெஷினை நிறுத்தச் சொல்கிறார்களா? ரெண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே வரிதான். தமிழில் 'பட்டனால்', 'பட்டன் உள்ள' என்று தெளிவாகப் பிரிந்துவிடும். லைனில் பக்கத்துப் பக்கத்தில் நாலு மெஷின் ஓடும்போது இந்தச் சந்தேகம் சின்ன விஷயமா?

காசு போனால் சம்பாதிக்கலாம். விரல் போனால்?

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

மெஷின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தினமும் பார்க்கிறீர்கள். என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? 'ரீசெட் தி மெஷின் ஆஃப்டர் கிளியரிங் தி ஏரியா' என்று இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டிக்கர் சின்னது. முதல் வரியில் 'ரீசெட் தி மெஷின்' முடிந்துவிடும். மீதி கீழ் வரியில், எண்ணெய்க் கறைக்குள் மறைந்திருக்கும். லைன் நின்றுவிட்டது, சூப்பர்வைசர் கத்துகிறார், டார்கெட் ஏறுகிறது. முதல் வரியைப் படித்ததும் கை பட்டனுக்குப் போய்விடும். உள்ளே சக தொழிலாளியின் கை இருந்தால்?

தமிழில் எழுதியிருந்தால் "எல்லாரும் விலகிய பிறகு ரீசெட் செய்" என்று இருக்கும். எல்லாரும் விலகினார்களா என்ற எண்ணம்தான் முதலில் வரும். வரிசை மாறியதால் நினைப்பு மாறுகிறது. நினைப்பு மாறினால் கை மாறுகிறது.

'டு நாட் ஓப்பன் தி கார்டு அன்டில் தி ஸ்பிண்டில் ஹேஸ் ஸ்டாப்ட்' என்பதும் அப்படித்தான். 'ஹேஸ் ஸ்டாப்ட்' என்றால் முழுசாக நின்று முடிந்திருக்க வேண்டும். வேகம் குறைவதெல்லாம் கணக்கில் வராது. மெதுவாகச் சுற்றுகிற ஸ்பிண்டிலும் கையுறையை இழுக்கும். கையுறையோடு விரலையும் இழுக்கும்.

ஒரு கமா. ஐம்பது லட்சம் டாலர்!

நமக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஊரிலும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பெனி. அதன் லாரி டிரைவர்கள் ஓ.டி சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓ.டி கிடையாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று வந்தது. 'ஷிப்மென்ட்' என்ற வார்த்தைக்குப் பிறகு கமா இல்லை. 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பது தனி வேலையா? இல்லை, 'அனுப்பவோ வினியோகிக்கவோ பேக்கிங் செய்வது' என்ற ஒரே சொற்கூட்டத்தின் பகுதியா? தனி வேலை என்றால் சரக்கை வினியோகம் செய்கிற டிரைவருக்கு ஓ.டி கிடையாது. சொற்கூட்டத்தின் பகுதி என்றால் ஓ.டி உண்டு, ஏனென்றால் டிரைவர் பேக்கிங் செய்வதில்லை.

2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரி தெளிவாக இல்லை என்று டிரைவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. எந்தச் சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற ஒரே கேள்விக்கு இவ்வளவு காசு! அந்த டிரைவர்கள் கேள்வி கேட்டார்கள். நாம் கேட்கிறோமா?

இந்த வார்த்தைகளைக் கண்டால் பேனா நிற்க வேண்டும்

கீழே உள்ளதை வெட்டி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, வாட்ஸ்அப்பில் பிள்ளைக்கு அனுப்புங்கள்.

1. 'மே'. 'மே பி அப்சார்ப்ட்' என்றால் பர்மனென்ட் பண்ணலாம், பண்ணாமலும் போகலாம். வாக்குறுதி கிடையாது. உங்கள் கடமையைச் சொல்லும்போது 'ஷேல்' வரும், கம்பெனி தருவதைச் சொல்லும்போது 'மே' வரும். ரெண்டையும் எண்ணிப் பாருங்கள்.

2. 'சப்ஜெக்ட் டு'. பள்ளிக்கூடத்தில் படித்த சப்ஜெக்ட் வேறு. இங்கே 'இதற்குக் கட்டுப்பட்டு' என்று அர்த்தம். 'சப்ஜெக்ட் டு வேகன்சி' என்றால், இடம் காலியாக இருந்தால்தான். நீங்கள் எவ்வளவு நன்றாக உழைத்திருந்தாலும்.

3. 'அன்லெஸ்', 'அன்டில்', 'எக்செப்ட்'. இவற்றுக்கு முன்னால் சொன்னதை இவை திருப்பிப்போடும். முன்பாதியை மட்டும் படித்தால் நேர் எதிரான அர்த்தம்தான் மனசில் நிற்கும்.

4. 'விச்செவர் இஸ் லேட்டர்'. ரெண்டில் எது பிந்தியதோ அது. 'எர்லியர்' என்றால் முந்தியது. இந்த ஒரு வார்த்தை மாறினால் வருஷக்கணக்கில் மாறும்.

5. 'இன் லியூ ஆஃப்'. 'பதிலாக' என்று அர்த்தம். 'காம்ப் ஆஃப் இன் லியூ ஆஃப் ஓவர்டைம்' என்று படித்துவிட்டு லீவும் உண்டு, ஓ.டி காசும் உண்டு என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காசுக்குப் பதில் லீவு என்பதுதான் அதன் பொருள். ஓ.டி-க்கு இரட்டிப்புச் சம்பளம் என்று தொழிற்சாலைகள் சட்டமே 59-வது பிரிவில் எழுதி வைத்தது. அந்தக் காசை விட்டுக்கொடுக்கும் முன் கேள்வி கேளுங்கள்.

6. 'இன்க்ளூசிவ் ஆஃப்'. இதற்குப் பின்னால் வருவதெல்லாம் சொன்ன சம்பளத்துக்குள்ளேயே அடக்கம். தனியாக எதுவும் வராது.

7. ஆள் இல்லாத வினை. 'வில் பி டிடக்டட்', 'வில் பி ரீடெய்ண்ட்' என்று இருக்கும். பிடிக்கப்படும், வைத்துக்கொள்ளப்படும். யார் பிடிப்பார்? எவ்வளவு? எதை வைத்துக்கொள்வார்? ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையா? எழுதிக் கேளுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

8. 'ஐ ஹேவ் நோ ஃபர்தர் க்ளெய்ம்'. வேலையை விட்டுப் போகும்போது நீட்டுகிற காகிதத்தில் வரும். இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். கடைசி மாதச் சம்பளமும் ஓ.டி-யும் வந்து சேராமல் இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தப் பகுதிக்கு வெளியேறும் காகிதம் புதிதில்லை. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் விருப்ப விலகல் திட்டத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்திருந்தார்கள். எவ்வளவு பெரிய கம்பெனியானாலும், சேரும்போது ஒரு காகிதம், போகும்போது ஒரு காகிதம். நடுவில் எத்தனை வருஷம் உழைத்தாலும், கணக்குப் பேசுவது அந்த ரெண்டு காகிதமும்தான்.

அப்படியானால் எப்படிப் படிப்பது?

பயப்பட வேண்டாம். பத்து நிமிஷம் போதும்.

முதலில் வினையைத் தேடுங்கள். என்ன செய்ய வேண்டும்? அடுத்து, யார் செய்ய வேண்டும்? நீங்களா, கம்பெனியா? அதற்குப் பிறகு மீதியுள்ள வால்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். ஒவ்வொரு வாலையும் பார்த்து, "நீ யாரைப் பிடிச்சிட்டிருக்க?" என்று கேளுங்கள். கடைசியாக, கடைசி வாலிலிருந்து ஆரம்பித்து முழு வரியையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வரியை அப்படிச் சொல்லிப் பாருங்கள். "கன்ஃபர்மேஷன் தேதியிலிருந்து, ரெண்டு வருஷத்துக்குக் குறையாம, கம்பெனியில, ட்ரெய்னி வேலை பார்க்கணும்." எங்கே வந்து நிற்கிறது பாருங்கள், கன்ஃபர்மேஷன் தேதி! முதல் வார்த்தையாக வந்துவிட்டது. இப்படி ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால், "கன்ஃபர்மேஷன் தேதி எது சார்?" என்று அன்றைக்கே கேட்டிருப்பான்.

இனி கேட்கத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்குச் சட்டமும் துணை இருக்கிறது. சட்டப்படி ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் கடிதம் கையில் வந்தால் மட்டும் போதுமா? உள்ளே இருப்பது புரிய வேண்டாமா?

"சார், ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டு நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்று கேளுங்கள். ஒரு நாள் கூடத் தர மாட்டேன் என்றால் அதுவே பெரிய அபாய அறிகுறி. எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். காலி இடம் விட்ட காகிதத்திலும், தேதி போடாத காகிதத்திலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். புரியவில்லையா? 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் அது. அந்த ஆணையத்துக்கான 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. ஹாஸ்டலில் இருக்கிற தங்கைகளே, இதை முக்கியமாக உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கையெழுத்துக்கு நேர் மேலே, பெரும்பாலான காகிதங்களில் ஒரு வரி இருக்கும். சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. 'ஐ ஹேவ் ரெட் அண்ட் அண்டர்ஸ்டுட் தி அபவ்.' மேலே உள்ளதைப் படித்தேன், புரிந்துகொண்டேன்.

நாளைக்கு நீங்கள் "எனக்குப் புரியலை சார்" என்று அழும்போது, அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அதன் கீழே உங்கள் பெயர் இருக்கும்.

முதலில் அந்த வரியை உண்மையாக்குங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.